'லூயி லூயி': முந்தி எடுத்த குரலும் தாங்கிப் பிடித்த டிரம்ஸும்

வாசகர் கேள்வி, பிப்ரவரி 9

கேரேஜ் ராக் (வீட்டுக் கார் கொட்டகையில் பழகிய இளைஞர் குழுக்களின் கரடுமுரடான ராக் இசை) பற்றி எங்கே படித்தாலும் கிங்ஸ்மென் குழுவின் 'லூயி லூயி' இசைத்தட்டைத்தான் முதலில் சொல்கிறார்கள். தேடிக் கேட்டேன். பாடுகிறவர் வாயிலிருந்து ஒரு சொல்கூடத் தெளிவாக வரவில்லை. நடுவில் தப்பான இடத்தில் பாட ஆரம்பித்து, நிறுத்தி, மறுபடி ஆரம்பிக்கிறார். அதைத் திருத்தாமல் அப்படியே தட்டாக்கி விற்றிருக்கிறார்கள். பயிற்சி இல்லாத பையன்களுக்கு அடித்த அதிர்ஷ்டம் என்பதைத் தவிர இதில் என்ன இருக்கிறது?

பிப்ரவரி 9, இரவு

"பயிற்சி இல்லாத" என்ற சொல்லை என்னால் விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

இவர்கள் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரத்துப் பையன்கள். 1959 முதல் சேர்ந்து வாசித்தவர்கள். ஆடை அலங்காரக் காட்சி, செஞ்சிலுவைச் சங்க நிகழ்ச்சி, பல்பொருள் அங்காடியின் விளம்பர நாள் என்று அழைத்த இடத்துக்கெல்லாம் போய் வாசித்திருக்கிறார்கள். பாட்டும் கிதாரும் ஜாக் ஈலி. டிரம்ஸ் லின் ஈஸ்டன். முன்னணிக் கிதார் மைக் மிட்செல். பேஸ் கிதார் பாப் நார்ட்பி. மின் பியானோ டான் கலூச்சி, பின்னால் வந்து சேர்ந்தவர், அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையன்.

1963 ஏப்ரல் 6 அன்று ஒலிப்பதிவு. முந்தைய இரவு அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கென் சேஸ் என்ற வானொலிக்காரர் நடத்திய கிளப்பில் இந்த ஒரே பாட்டை இடைவிடாமல் தொண்ணூறு நிமிடம் வாசித்தார்கள். மறுநாள் காலையில் அந்தக் களைப்போடு ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். கென் சேஸுக்கு மேடையில் கேட்கிற சத்தம் அப்படியே தட்டில் கேட்க வேண்டும். அதனால் பாடுகிறவருக்கான மைக் மேலே, கூரைக்குப் பக்கத்தில் தொங்கியது. ஈலி தலையை அண்ணாந்து, கீழே முழங்கிக்கொண்டிருந்த எல்லா வாத்தியங்களுக்கும் மேலாகக் குரலை எறிந்து பாட வேண்டியிருந்தது. போதாக்குறைக்குப் பல்லில் கம்பி கட்டியிருந்தார். சொல் எப்படித் தெளிவாக வரும்? கழுத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு உங்கள் பெயரையே ஒரு தடவை உரக்கச் சொல்லிப் பாருங்கள்.

ஒரே தடவைதான் பதிவு. மறு பதிவு கிடையாது. செலவு ஐம்பது டாலர், குழுவின் கைக்காசு.

பிப்ரவரி 10, காலை

ஒரு திருத்தம். ஐம்பது டாலர் என்று நேற்று ஒரே வரியில் எழுதிவிட்டேன். முப்பத்தாறு டாலர் என்றும் ஒரு கணக்கு உண்டு. இரண்டில் எதுவானாலும் ஆளுக்குப் பத்து டாலருக்கு மேல் போகாது. இந்தப் பதிவை அவர்கள் செய்ததற்கு ஒரு காரணம், கோடையில் கப்பலில் வாசிக்கிற வேலைக்கு மாதிரியாக ஒரு நாடா தேவைப்பட்டது. நாடு முழுவதும் கேட்கப்போகிற பாட்டு என்ற நினைப்பு அந்த அறையில் யாருக்கும் இருந்திருக்காது.

பிப்ரவரி 10, இரவு

பாட்டு அவர்களுடையது இல்லை. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

எழுதியவர் ரிச்சர்ட் பெர்ரி, லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக் கறுப்பினப் பாடகர். ரெனே தூசே என்ற கியூபா இசைக்கலைஞரின் 'எல் லோக்கோ சா சா'வில் வருகிற ஒரு தாளக்கட்டு அவர் காதில் தங்கிவிட்டது. 1955இல் மேடைக்குப் பின்னால் காத்திருந்த நேரத்தில், கைக்குக் கிடைத்த கழிப்பறைக் காகிதத்தில் வரிகளை எழுதினார். 1957இல் ஃபிளிப் என்ற சிறிய கம்பெனி அதை ஒரு தட்டின் பின்பக்கத்தில் வெளியிட்டது. ஒரு மாலுமி மதுக்கடைக்காரரிடம் மனம் திறக்கிறார். அந்தக் கடைக்காரர் பெயர்தான் லூயி. ஜமைக்காவில் தன் பெண் காத்திருக்கிறாள், மூன்று இரவு மூன்று பகல் கடலில் போகிறேன், அவள் கூந்தலில் ரோஜா மணக்கிறது என்கிறார். இவ்வளவுதான் விஷயம். நம் ஊர்த் திரைப்பாட்டில் கடல் கடந்து போனவன் பாடுகிற பாட்டு எத்தனை இருக்கிறது! அந்த வகைதான் இது, மெல்லப் பாடவேண்டிய ஏக்கப் பாட்டு.

அங்கிருந்து அது அமெரிக்காவின் வடமேற்கு மூலைக்குப் போனது. டகோமா நகரத்தின் வெய்லர்ஸ் குழு (ஜமைக்காவின் வெய்லர்ஸ் வேறு), ராக்கின் ராபின் ராபர்ட்ஸ் என்ற பாடகரை வைத்து 1961இல் தங்கள் சொந்தக் கம்பெனியான எட்டிக்கெட் பெயரில் ஒரு தட்டு போட்டது. ஏக்கம் போய், முறுக்கு ஏறியது. சீசைட் என்ற கடற்கரை ஊரில் ஒரு கிளப்பின் ஜூக்பாக்ஸில் (காசு போட்டால் தட்டு ஓடுகிற பெட்டி) அந்தத் தட்டு மறுபடி மறுபடி ஓடுவதையும், கூட்டம் மறுபடி மறுபடி ஆடுவதையும் கிங்ஸ்மென் பையன்கள் பார்த்தார்கள். இதை நாமும் வாசிக்க வேண்டும் என்று ஈலி பிடிவாதம் பிடித்தார்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஈலி பாட்டைக் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தபோது தாளக்கட்டை மாற்றிச் சொல்லிக்கொடுத்துவிட்டார். மேசையில் தட்டிப் பாருங்கள். பழைய கணக்கு: ஒன்று இரண்டு மூன்று நான்கு, ஒன்று இரண்டு, ஒன்று இரண்டு மூன்று நான்கு, ஒன்று இரண்டு. ஈலியின் கணக்கு: ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு, ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு. முதல் கட்டில் ஓர் அடி குறைந்துவிட்டது. அந்த ஓர் அடி போன இடத்தில் ஒரு பொத்தல் விழுகிறது. கால் அந்தப் பொத்தலை மிதிக்கத் தேடுகிறது. இன்றைக்கு உலகத்தில் எந்த மூலையில் யார் இந்தப் பாட்டை வாசித்தாலும் பெரும்பாலும் ஈலி மாற்றிய கணக்கில்தான் வாசிக்கிறார்கள்.

பிப்ரவரி 12

இப்போது நீங்கள் கேட்ட அந்தத் தப்பான இடத்துக்கு வருகிறேன். இரண்டு நாளாக இதை எழுத வேண்டும் என்று மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் பதினோரு வருடம் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, கட்சிக் கூட்டத்துக்கு முன்னால் ஆள் சேர்க்கிற கச்சேரி எல்லாம் உண்டு. மேடையில் பாடகர் "முந்தி எடுத்துவிட்டார்" என்றால் குழுவில் இருக்கிற அத்தனை பேருக்கும் வயிற்றில் ஒரு குளிர் இறங்கும். இடையிசை இன்னும் முடியவில்லை, புல்லாங்குழலுக்கு இன்னும் நாலு அடி பாக்கி, அதற்குள் பாடகர் சரணத்தை எடுத்துவிடுகிறார். அப்போது மூன்று வழிதான் உண்டு. எல்லோரும் அவரோடு தாவிவிட வேண்டும். அல்லது அவர் காதில் விழாதது போலப் பாடிக்கொண்டே போக, குழு தன் வழியில் போய் எங்கேயாவது மோதும். மூன்றாவது வழி, பாடகர் சட்டென்று வாயை மூடிக்கொள்ள வேண்டும், டிரம்ஸ்காரன் அந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டும். மூன்றாவதுதான் மிகவும் கடினம். பாடகருக்குத் தன் தவறு அந்த நொடியே தெரிய வேண்டும். டிரம்ஸ்காரன் அதற்கும் அரை நொடி முன்னால் தயாராக இருக்க வேண்டும்.

காரைக்குடி பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழா. எங்கள் பாடகர் இரண்டாவது சரணத்தை முந்தி எடுத்தார். அவர் மூச்சை இழுக்கும்போது தோள் உயர்ந்ததைப் பார்த்துவிட்டேன். டிரம்ஸ்காரன் பாடகரின் முகத்தைப் பார்க்க முடியாது, முதுகைத்தான் பார்க்க முடியும், அதனால் தோள்தான் எங்களுக்கு முகம். ஒரு சொல் பாடிவிட்டு அவர் நிறுத்தினார். நான் ஸ்நேர் என்ற சின்ன டிரம்மிலிருந்து டாம் என்ற பெரிய டிரம் வரை ஒரு ரோல் (விடாமல் அடுக்கி அடிக்கிற அடி) உருட்டி, சிம்பலில் கொண்டுபோய் முடித்தேன். அவர் சரியான இடத்தில் மறுபடி எடுத்தார். முன்வரிசையில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. கச்சேரி முடிந்து வேனில் ஏறும்போது என் தோளில் கை வைத்து ஒரு தடவை அழுத்தினார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

'லூயி லூயி' தட்டில் இரண்டாவது நிமிடம் முடிகிற தறுவாயில் நடப்பது இதேதான். மிட்செலின் கிதார் தனி முடிகிறது. அதற்குப் பிறகு தாளக்கட்டு ஒரு சுற்று வந்த பிறகே மூன்றாவது சரணம் வர வேண்டும். ஈலி முந்தி எடுக்கிறார். இரண்டு சொல் பாடிவிட்டு நிறுத்துகிறார். குழு அசையவில்லை. ஈஸ்டன் ஒரு ரோல் அடித்து அந்த இடத்தை மூடுகிறார். அதே இரண்டு சொல்லோடு ஈலி மறுபடி எடுக்கிறார், முன்பைவிடப் பலமாக.

பயிற்சி இல்லாத குழுவாக இருந்தால் அந்த இடத்தில் பாட்டு சிதறியிருக்கும். பேஸ் ஒரு பக்கம், பியானோ ஒரு பக்கம் போயிருக்கும். ஐந்து பேரில் நான்கு பேர் துளிகூடக் கலங்கவில்லை என்பதைக் கேளுங்கள். நீங்கள் தவறு என்று சொல்கிற அந்த நொடிதான், இவர்கள் வருடக்கணக்கில் சேர்ந்து வாசித்தார்கள் என்பதற்குச் சாட்சி. பின்னால் இந்தப் பாட்டை வாசித்த குழுக்கள் பல, அந்தத் தவறையும் அதே இடத்தில் வேண்டுமென்றே வாசித்தன.

பிப்ரவரி 12, பத்து நிமிடம் கழித்து

மிட்செலின் கிதார் தனியைப் பற்றி ஒரு சொல்கூட எழுதாமல் விட்டுவிட்டேன். ஈலி கத்திக் கூப்பிட்டவுடன் பாய்கிறதே, அது. அந்தக் கூப்பாடு வெய்லர்ஸ் தட்டில் ராபர்ட்ஸ் போட்ட கூப்பாடு. ஜூக்பாக்ஸில் கேட்டதை மறக்காமல் ஈலி கொண்டுவந்திருக்கிறார். தாளக்கணக்கு மாறிப்போனது, கூப்பாடு மாறவில்லை!

பிப்ரவரி 15

தட்டு எப்படி வெளியானது என்று சொல்லச் சொல்லியிருக்கிறீர்கள்.

1963 மே மாதம், ஜெர்ரி டெனன் நடத்திய ஜெர்டன் என்ற சின்னக் கம்பெனி தட்டை வெளியிட்டது. முதலில் அழுத்தியது ஆயிரம் பிரதி. விற்றது அறுநூறு போல. பின்பக்கத்தில் 'ஹான்டெட் காஸில்' என்று ஒரு வாத்திய இசை.

இதற்குள் இன்னொரு விபரீதம் நடந்திருந்தது. அதே ஏப்ரல் மாதத்தில், அதே ஸ்டுடியோவில், அதே பாட்டை, அதே வட்டாரத்துப் போட்டிக் குழுவான பால் ரெவியர் அண்ட் த ரெய்டர்ஸ் பதிவு செய்தது. அவர்களுடைய தட்டில் தவறு கிடையாது. சாக்ஸபோன் உண்டு. கொலம்பியா என்ற மாபெரும் கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. மேற்குக் கரையில் ரெய்டர்ஸ் தட்டு ஓடியது, கிங்ஸ்மென் தட்டு முடங்கிக் கிடந்தது. குழுவைக் கலைத்துவிடலாமா என்றுகூட இவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

திருப்பம் நாட்டின் மறு கோடியில் வந்தது. பாஸ்டனில் ஆர்னி கின்ஸ்பர்க் என்ற புகழ்பெற்ற வானொலி அறிவிப்பாளர் இந்தத் தட்டை வாரத்தின் மோசமான தட்டு என்று சொல்லி ஒலிபரப்பினார் என்பதே வழிவழியாக வருகிற கதை. கேட்டவர்கள் அதே மோசமான தட்டை மறுபடி போடச் சொன்னார்கள். கடைகளில் போய்க் கேட்டார்கள். அக்டோபரில் நியூயார்க்கின் வாண்ட் கம்பெனி உரிமையை வாங்கி நாடு முழுவதும் வெளியிட்டது. டிசம்பரில், எந்தப் பாட்டு அதிகம் ஓடுகிறது என்று வரிசைப்படுத்துகிற பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம். அந்த இரண்டாம் இடத்தில் மொத்தம் ஆறு வாரம். முதலிடத்தை முதலில் ஒரு பெல்ஜியக் கன்னியாஸ்திரியும் பிறகு பாபி வின்டன் என்ற பாடகரும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கன்னியாஸ்திரியின் பக்திப் பாட்டுக்கும் இந்தக் கூச்சலுக்கும் நடந்த அந்தப் போட்டியை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. கேஷ் பாக்ஸ் என்ற இன்னொரு பத்திரிகையின் பட்டியலில் இவர்கள் முதலிடத்துக்கே வந்துவிட்டார்கள்.

என்னிடம் ஒரு வாண்ட் தட்டு இருக்கிறது. நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று ஓடுகிற தட்டு. 1963இன் முதல் பதிப்பு என்று சொல்லி வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் விற்றது. தபால் செலவோடு சேர்த்து ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போனது. வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. அட்டை உறை இல்லை, வெறும் காகித உறை. முள் வைத்தால் முதல் நான்கு நொடி மழைச் சத்தம், பிறகு கலூச்சியின் பியானோ.

பிப்ரவரி 16

"பாட்டில் ஆபாசம் இருந்ததா, போலீஸ் வந்ததாமே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

பாட்டில் இல்லை. சொல் புரியாததால் வந்த வினை. புரியாத இடத்தில் ஒவ்வொரு பையனும் தனக்குத் தோன்றியதை நிரப்பிக்கொண்டான். கையால் எழுதிய "உண்மையான வரிகள்" பள்ளிக்கூடங்களில் கைமாறின. ஒவ்வொரு தாளிலும் வேறு வேறு வரி. 1964 தொடக்கத்தில் இண்டியானா மாநில ஆளுநர் மேத்யூ வெல்ஷ் இதை ஆபாசம் என்று சொல்லி, வானொலிகள் ஒலிபரப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒரு பெற்றோர் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்கே கடிதம் எழுதினார். அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் விசாரணை ஏறக்குறைய முப்பத்தோரு மாதம் நடந்தது. தட்டை எல்லா வேகத்திலும் ஓடவிட்டுக் கேட்டார்கள். எந்த வேகத்திலும் புரியவில்லை என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். பாடிய ஈலியை அதிகாரிகள் ஒரு தடவைகூடக் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

நானும் என் தட்டை முப்பத்து மூன்று சுற்றில் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். ஈலியின் குரல் தடித்து, குகைக்குள் இருந்து வருவது போலாகிறது. சொல் ஒன்றும் புதிதாகக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த முந்தி எடுக்கிற இடம் மெதுவாக வரும்போது ஒன்று தெரிகிறது. அவர் சொல்லை முழுதாக முடித்துவிட்டுத்தான் நிறுத்துகிறார். பாதியில் நறுக்கவில்லை. அச்சத்தில் நிறுத்துகிறவர் பாதிச் சொல்லில் நிறுத்துவார்.

பிப்ரவரி 16, பின்னிரவு

கெட்ட வார்த்தை ஒன்று தட்டில் இருக்கத்தான் செய்கிறது. ஐம்பத்து நான்காவது நொடிக்குப் பக்கத்தில், பாட்டுக்குப் பின்னால் தூரத்தில். டிரம்ஸ் குச்சி தடுமாறியபோது ஈஸ்டன் வாயிலிருந்து வந்தது. எல்லோரும் பாடகர் வாயையே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். டிரம்ஸ்காரன் பக்கம் ஒருவரும் காதைத் திருப்பவில்லை.

பிப்ரவரி 20

நான்கு நாளாக ஒன்றும் எழுதவில்லை. அடுத்து எழுத வேண்டியது எனக்குக் கசப்பான பகுதி.

ஈலியும் ஈஸ்டனும் நேற்று அறிமுகமான ஆட்கள் இல்லை. பெற்றோர்கள் நெருங்கிய நண்பர்கள், பையன்கள் சேர்ந்தே வளர்ந்தவர்கள். குழு உருவாகும் முன்பே ஈலி பாட, ஈஸ்டன் டிரம்ஸ் வாசிக்க, ஒரு ஹோட்டல் நிகழ்ச்சியில் மேடை ஏறியவர்கள். பதிவு நடந்து நான்கு மாதம் கழித்து, 1963 ஆகஸ்டில், ஈஸ்டன் ஒரு நாள் ஒத்திகையில் அறிவித்தார்: இனி நான் பாடுகிறேன், ஈலி டிரம்ஸ் வாசிக்கட்டும். எதிர்க்க வழியில்லை. 'கிங்ஸ்மென்' என்ற பெயரை ஈஸ்டனின் தாயார் முன்பே பதிவு செய்து வைத்திருந்தார். ஈலி வெளியேறினார். நார்ட்பியும் அவரோடு போனார்.

பிறகுதான் தட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் தட்டு ஓட, ஈலியின் குரலுக்கு ஈஸ்டன் வாயசைத்தார். முதல் நீள்தட்டு நேரடிக் கச்சேரிப் பதிவு என்று வந்தது. அதிலும் 'லூயி லூயி'க்கு ஈலி பாடிய பழைய ஸ்டுடியோ பதிவையே வைத்து, மேலே கூட்டத்தின் ஆரவாரத்தைச் சேர்த்தார்கள். நாடே அந்தக் குரலைக் கேட்டது. பாடியவர் போர்ட்லண்டில் இன்னொரு குழுவைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

ஏப்ரலில் அவரைத் தாங்கிப் பிடித்த அதே கை. எனக்கு இது ஆறவில்லை.

பிப்ரவரி 21

நேற்று கோபத்தில் எழுதிவிட்டேன். இன்று காலை நடைப்பயிற்சியில் யோசித்துக்கொண்டே போனேன்.

பின்னால் உட்கார்ந்து வாசிக்கிறவனுக்கு முன்னால் நிற்க ஆசை வருவது பாவமில்லை. எனக்கும் வந்திருக்கிறது. பதினோரு வருடத்தில் ஒரே ஒரு தடவை மைக் முன்னால் நின்று ஒரு பாட்டுப் பாடினேன், அந்த வெளிச்சம் முகத்தில் விழுந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. ஈஸ்டனுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகியிருக்காது. சாக்ஸபோனும் வாசிப்பார், பாடவும் செய்வார். அந்தத் தட்டு ஆகஸ்டில் அறுநூறு பிரதி விற்ற தட்டுதான், பின்னால் வரப்போவது அவருக்கும் தெரியாது. ஒரு ஊர்க் குழுவுக்குள் நடந்த இட மாற்றம், நாடறிந்த விவகாரமாக ஆனது டிசம்பரில்தான்.

இதையும் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

பிப்ரவரி 21, மாலை

பின்பக்கத்து 'ஹான்டெட் காஸில்' யார் இயற்றியது என்று ஒருவர் கேட்டதால் தட்டை எடுத்துப் பார்த்தேன். நடுவில் ஒட்டிய காகிதத்தில் ஈஸ்டன் பெயர் இருக்கிறது. இயற்றியவர்கள் ஈலியும் கலூச்சியும்.

காலையில் எழுதியதை அழிக்கப் போவதில்லை. ஆனால் காலையில் இருந்த மனநிலை இப்போது இல்லை.

பிப்ரவரி 24

பணம் யாருக்குப் போனது?

ரிச்சர்ட் பெர்ரிக்குப் போகவில்லை. 1950களின் கடைசியில், கல்யாணச் செலவுக்காகப் பாட்டின் உரிமையை எழுநூற்று ஐம்பது டாலருக்கு விற்றுவிட்டார். பாட்டு உலகம் சுற்றியபோது அவருக்கு ஒன்றும் வரவில்லை. 1980களில் ஒரு மதுபான விளம்பரத்துக்கு இந்தப் பாட்டு தேவைப்பட்டு, அவருடைய கையெழுத்தைத் தேடி வந்தார்கள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு உரிமையின் ஒரு பகுதியை அவர் மீட்டார். கடைசிக் காலத்தில் நல்ல வசதியோடு இருந்தார், 1997 ஜனவரியில் இறந்தார். கழிப்பறைக் காகிதத்தில் எழுதிய வரிகளுக்கு முப்பது வருடம் கழித்துக் கூலி வந்தது.

கிங்ஸ்மென் குழுவுக்கும் போகவில்லை. 1968 ஒப்பந்தப்படி மூலப்பதிவிலிருந்து வருகிற வருமானத்தில் ஒன்பது சதவீதம் இவர்களுக்கு வர வேண்டும். பதிவு ஒரு கம்பெனியிடமிருந்து இன்னொரு கம்பெனிக்குக் கைமாறிக்கொண்டே போனது, ஒன்பது சதவீதம் வரவே இல்லை. 1993இல் வழக்குப் போட்டார்கள். பணம் கொடுக்காததால் ஒப்பந்தமே ரத்து, மூலப்பதிவு குழுவுக்கே சொந்தம் என்று தீர்ப்பு வந்தது. 1998இல் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்கவில்லை. ஐம்பது டாலருக்குச் செய்த பதிவு முப்பத்தைந்து வருடம் கழித்து வீடு திரும்பியது.

மெல்லிசைக் குழுக்களில் முன்பணம் வாங்கிக்கொண்டு மீதியைத் தராமல் இழுத்தடிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்களுக்கும் ஒரு திருவிழாக் கமிட்டி இரண்டு வருடம் பாக்கி வைத்திருந்தது. இவர்கள் இருபத்தைந்து வருடம் காத்திருந்து, அதன் பிறகும் வழக்காடி ஜெயித்திருக்கிறார்கள். அந்த ஜெயிப்புக்காகவே இவர்களை எனக்குக் கூடுதலாகப் பிடிக்கும்.

பிப்ரவரி 25

பேச்சு எங்கோ போகிறது, இருந்தாலும் ஒரு செய்தி. பள்ளிக்கூடப் பையனாக அந்தப் பியானோவை வாசித்த டான் கலூச்சி, 1970இல் ஸ்டூஜஸ் என்ற ராக் குழுவின் 'ஃபன் ஹவுஸ்' நீள்தட்டைத் தயாரித்தார். பாடகரின் கையில் மைக்கைக் கொடுத்து, குழு முழுவதையும் ஒரே அறையில் சேர்ந்து வாசிக்கவிட்டு, மேடைச் சத்தத்தை அப்படியே பிடித்தார்கள். போர்ட்லண்டில் 1963இல் அவர் காதில் விழுந்த பாடம் அது என்று நான் நம்புகிறேன்.

மார்ச் 2

முதல் கேள்வியைக் கேட்டவர் நேற்று மறுபடி எழுதியிருக்கிறார். அந்த இடத்தை ஹெட்ஃபோனில் பத்துத் தடவை கேட்டாராம். "ரோல் இப்போது கேட்கிறது. இதற்கு முன்னால் காதில் விழவே இல்லை" என்கிறார். கூடவே இன்னொரு கேள்வி: உங்கள் தட்டு 1963 பதிப்புதான் என்று எப்படித் தெரியும்?

விற்றவர் சொன்னார், நான் நம்பினேன், அவ்வளவுதான். பின்பக்கத்தைப் பார்த்தவன் முன்பக்கத்தை இத்தனை நாளில் சரியாகப் படிக்கவே இல்லை. ஒன்பது வருடமாக அந்தத் தட்டு சுழன்றுகொண்டிருக்கும்போதுதான் பார்த்திருக்கிறேன்.

இன்று ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படித்தேன். பாட்டின் பெயர். குழுவின் பெயர். பெர்ரியின் பெயர். அதற்கும் கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. முதன்மைக் குரல் ஜாக் ஈலி என்று அந்த வரி சொல்கிறது.

1963இல் அப்படி ஒரு வரி அச்சாகியிருக்க முடியாது. ஈலி தன் சொந்தக் குழுவைக் கிங்ஸ்மென் என்ற பெயரில் நடத்தினார், இரு தரப்பும் மோதி, கடைசியில் உடன்பாட்டுக்கு வந்தது. ஈலி அந்தப் பெயரை விட்டுவிட வேண்டும். ஈஸ்டன் ஈலியின் குரலுக்கு வாயசைக்கக் கூடாது. ஈலிக்கு ஆறாயிரம் டாலர். இனி அழுத்துகிற வாண்ட் தட்டுகளில் அவர் பெயர் அச்சாக வேண்டும். ஆக, என்னிடம் இருப்பது அதற்குப் பிறகு வந்த பிரதி. விற்றவர் என்னை ஏமாற்றியிருக்கிறார்.

அரை மாதச் சம்பளம் போனதற்கு ஒரு மணி நேரம் வருத்தம் இருந்தது. பிறகு முள்ளை வைத்தேன். மழைச் சத்தம், பியானோ, குரல். கிதார் தனி முடிந்தது. ஈலி முந்தி எடுத்தார், நிறுத்தினார். ஈஸ்டன் உருட்டினார். நான் தொடையில் தட்டிக்கொண்டே அந்தப் பொடி வரி சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாராவது நல்ல விலைக்கு 1963 பதிப்பு தருகிறேன் என்று எழுதினால், வேண்டாம். இதுவே இருக்கட்டும்.